காரின் குளிரும் கராச்சுப் பையனும்

நூல் கற்றவன் கையிலே எண்ணெய்க் கறை படியலாகாது என்றோர் எண்ணம் எம்மவரிடையே நெடுங்காலமாக ஊறிக் கிடக்கின்றது. எம்மிடமும் அது இருந்தது. பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று, பதினோராண்டுகளாக இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துவரும் எமக்கு, எமது சொந்தக் காரின் முன்மூடியைத் திறப்பதற்கு எந்தப் பிடியை இழுக்கவேண்டும் என்பதே 2025ஆம் ஆண்டு சித்திரை மாதம் வரை தெரியாது. தெரியாதிருப்பதிலே ஒருவகைப் பெருமையும் எமக்கு இருந்ததென்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தக் காரைப்பற்றி இரண்டொரு வார்த்தை. 2019இல் வங்கியிற் கடன்பட்டு வாங்கியது. 2003ஆம் ஆண்டுத் தயாரிப்பு. யப்பானிலே ஒருவரும் இலங்கையிலே இருவரும் ஓட்டிச் சலித்த பின்னர் எமது கைக்கு வந்தது. எமது மாணவர் எல்லாரினும் அதற்கு வயது கூட. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்கள் மறுபடியும் துறைமுகத்துக்கு வர வழி பிறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலே பழைய தகரமெல்லாம் பொன்விலை பெற்றது. இருப்பதைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்து ஓட்டுவதே நாட்டின் நியதியாயிற்று. யாழ்ப்பாணத்தாருக்கு இஃதொன்றும் புதிய பாடமன்று. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே ஒஸ்ரின் ஏ40களையும் மொறிஸ் மைனர்களையும் சில துளி பெற்றோல் காட்டி உசுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் இம்மண்ணின் கம்மியர்கள். அவர்களது பெயரை எந்த இலக்கிய வரலாறும் எழுதவில்லை. எந்தப் பொறியியல் வரலாறும் எழுதியதாக நாம் காணவில்லை.

எமது தந்தையாருக்கு நெடுநாளாக மூச்சுத் தொல்லை. கூட்டுறவுச் சங்கக் கடையிலே முப்பது வருடம் மாப்பொதியும் மிளகாய்ச் சாக்கும் நிறுத்துக் கொடுத்து இளைப்பாறியவர். மாதத்துக்கு ஒரு தடவை யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் அவருக்குக் கிளினிக். நெல்லியடியிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீற்றர். இடையிலே வல்லைவெளி. சித்திரை வெயிலில் அவ்வெளியைக் கடந்தவர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை; கடவாதவர்களுக்கு விளக்கவும் முடியாது. கண்ணாடியை இறக்கினால் புழுதி அவரது நெஞ்சை அடைக்கும். ஏற்றினால் கார் அடுப்பாகும். எனவே, காரின் ஏ.சி. எமக்கு ஆடம்பரப் பொருளாக இருக்கவில்லை. அவரது மருந்துப் பெட்டியில் ஒன்றாகவே இருந்தது. அதுதான் சித்திரை வருடப் பிறப்புக்கு அடுத்த வாரம் நின்றுபோயிற்று.

வழக்கமாகப் போகும் கராச்சுக்குக் கொண்டு சென்றோம். முதலாளி முன்மூடியைத் திறந்தார், இரண்டு கணம் பார்த்தார், மூடினார். "மாஸ்ரர், கொம்பிறெசர் முடிஞ்சுது. பழசு ஒண்டு எடுத்துப் போடலாம். ஒரு லட்சத்து அறுபது வரும்" என்றார். எமது இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல். அவருக்குப் பின்னால், கையிலே திறப்புச் சாவியுடன் ஒரு பையன் நின்றான். எம்மை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். எங்கேயோ பார்த்த முகமாகத் தோன்றியது. ஆனால், ஒரு லட்சத்து அறுபதினாயிரம் மண்டையிலே குடைந்துகொண்டிருக்கையில் முகங்களை யார் நினைவுகூர்வார்?

மறுநாள் ஆசிரியர் ஓய்வறையிலே இக்கதையைச் சொல்லி அங்கலாய்த்தபோது, எமது பௌதிகவியல் ஆசிரியர் சிரித்தார். "நோயாளியின் நாடியைப் பிடியாமலே மரணச் சான்றிதழ் எழுதியிருக்கிறார்கள்" என்று கூறி, கரும்பலகையிலே ஒரு வட்டம் வரைந்தார். அவ்வட்டத்திலே நான்கு நிலையங்கள். வாயுவை நெருக்கும் அமுக்கி. நெருக்குண்டு சூடேறிய வாயு தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகும் ஒடுக்கி. அத்திரவம் ஒரு சிறு துவாரத்தினூடே பீறிட்டு அழுக்கம் இழக்கும் வாயில். அழுக்கம் இழந்தது ஆவியாகி, காரின் உள்ளே இருக்கும் வெப்பத்தைக் குடிக்கும் ஆவியாக்கி. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், வியர்த்த முதுகிலே காற்றுப் படும்போது சிலிர்ப்பதும் இதே நியாயத்தாலே என்றார். பானை தன் நீரைக் காற்றிலே இழந்துவிடுகிறது. இந்த இயந்திரமோ அதே பொருளைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. அவ்வளவுதான் வேறுபாடு. எங்கே சுற்று நின்றதென்று கண்டுபிடிக்க நல்ல கண்ணும் சிறிது பொறுமையும் போதும் என்று அவர் சொன்னார்.

சனிக்கிழமை காலை, வேப்பமரத்தின் கீழ்க் காரை நிறுத்தி, சாரத்தை மடித்துக் கட்டினோம். மூன்றாம் வகுப்பிலே படிக்கும் எமது மகன் விளக்குப் பிடிக்கும் பதவியைத் தானாகவே ஏற்றுக்கொண்டான்.

முதலிலே காற்று. காற்றாடியை முழு வேகத்தில் வைத்தபோதும் உள்ளே வந்தது முனகல் போன்றதொரு காற்றே. இடப்புறத்து முன் ஆசனத்தின் எதிரேயுள்ள சிறு பெட்டியைக் கழற்றினால் அதன் பின்னே காற்று வடி ஒன்று உண்டு. அதை இழுத்து எடுத்ததும் நாம் கண்ட காட்சி! வேப்பிலைச் சருகு, செம்மண் புழுதி, எலி கொண்டுவந்து சேர்த்த தும்பு, யாரோ எந்தக் காலத்திலோ எழுதிய கடையொன்றின் துண்டுச்சீட்டு. இவ்வளவையும் கடந்துதான் எமது தந்தையார் இவ்வளவு காலமும் மூச்சு விட்டிருக்கிறார். அதனை நீக்கியதும் காற்று வேகமாய் வந்தது. ஆனால் சூடாகவே வந்தது.

அடுத்தது அமுக்கி. எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி. பொத்தானை அழுத்தி, எட்ட நின்று பார்த்தோம். ஓடும் எஞ்சினுக்குள் கையோ சாரத் தலைப்போ போகலாகாது என்பதைப் பௌதிகவியலார் மும்முறை எச்சரித்திருந்தார். அமுக்கியின் முகப்பிலுள்ள கப்பி, வார் இழுக்க எந்நேரமும் சுழலும். அதன் நடுவேயுள்ள தட்டோ, மின்சாரம் வந்து காந்தம் பிடித்திழுக்கும்போது மட்டும் 'டக்' என்ற ஒலியோடு ஒட்டிக்கொண்டு சுழலவேண்டும். எமது காரிலே கப்பி சுழன்றது; நடுத்தட்டு அசையவில்லை; 'டக்' என்ற ஒலியும் கேட்கவில்லை. அதாவது, அமுக்கி வேலை செய்து தோற்கவில்லை. வேலை செய்யும்படி அதற்குக் கட்டளையே போகவில்லை. கேள்வி கேட்கப்படாத மாணவனுக்குப் பூச்சியம் போடுவதற்கு ஒப்பானது முதலாளியின் தீர்ப்பு.

பியூஸ்களைச் சோதித்தோம்; நன்றாயிருந்தன. ஏ.சி.யின் றிலேயும் ஹோர்னின் றிலேயும் அச்சொட்டாய் ஒன்றுபோலிருக்கவே, ஒன்றைக் கழற்றி மற்றதன் இடத்தில் வைத்தோம். ஹோர்ன் முழங்கிற்று, ஏ.சி. மௌனம் கலையவில்லை. ஆக, றிலேயும் குற்றமற்றது. இவ்வளவிலே எமது புலமை முடிவுற்றது. மகனும் விளக்கை அணைத்துவிட்டு விளையாடப் போய்விட்டான்.

ஞாயிறு மாலை, இருள் கவியும் வேளையிலே, படலையடியிற் சைக்கிள் மணி கேட்டது. கராச்சிலே தலைகுனிந்து நின்ற அதே பையன். தோளிலே ஒரு பை.

"சேர், என்னைத் தெரியுதோ?"

தெரிந்தது. அந்தக் குரலிலே தெரிந்தது. 2022ஆம் ஆண்டு, எரிபொருள் வரிசைகள் ஊரைச் சுற்றி வளைந்திருந்த காலம், நாம் தரம் பத்துக்கு வகுப்பாசிரியராய் இருந்தோம். அவ்வகுப்பின் பின்வரிசையில் யன்னலோரம் இருந்தவன். தந்தை கடற்றொழிலாளி. மண்ணெண்ணெய் கிடையாமல் வள்ளங்கள் கரையிலே கிடந்த மாதங்களில் அவன் வருகை குறைந்தது, பிறகு நின்றது. வரவு இடாப்பிலே அவன் பெயருக்கு மேல் செம்மையாலே கோடிழுத்தவர் நாமே. கோடு நேராய் வரவேண்டுமென்று அடிமட்டம் வைத்து இழுத்தது இன்றும் நினைவிருக்கிறது. அவன் வீடு எமது வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர் தூரம். நாம் போகவில்லை. பெற்றோல் இல்லை என்று அந்நாளில் எமக்கு நாமே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம். சைக்கிள் இருந்தது.

"அது கொம்பிறெசர் பழுதில்லை, சேர். அதுக்குக் கரண்டே போகேல்லை. அண்டைக்கு முதலாளிக்கு முன்னாலை என்னாலை சொல்லேலாமல் போச்சு. கோவிக்காதேங்கோ."

பையிலிருந்து இரண்டு முகங்கொண்ட மானியொன்றை எடுத்தான். கூலியிலே மிச்சம் பிடித்துத் தானாக வாங்கியதாம். எஞ்சின் ஓடாதபோது, வெயிற்கால வெக்கையிலே, இந்த வாயுவின் அழுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 100 இறாத்தல் காட்டவேண்டும் என்றான். மானியின் ஊசி 20ஐத் தொட்டு நின்றது. வாயு எங்கோ கசிந்துவிட்டது. அழுக்கம் ஓர் அளவுக்குக் கீழே போனால், குழாயிலே பொருத்திய சுவிச் ஒன்று மின்சாரத்தைத் தானே துண்டித்துவிடும். நாம் தேடிய கட்டளை அங்கேதான் தடைப்பட்டிருக்கிறது.

"அப்படியானால் அந்தச் சுவிச்சை ஒரு வயரால் இணைத்து ஓடவிட்டுப் பார்த்தால் என்ன?" என்று கேட்டோம். எமது புதிய அறிவின் துணிவு அது.

"ஐயோ வேண்டாம், சேர். ஒயிலும் காஸோடைதான் சுத்துறது. காஸ் இல்லாமல் ஓட்டினால் ஒயில் திரும்பி வராது. பிறகு முதலாளி சொன்னது உண்மையாப் போம்."

பின்னர் ரோச் வெளிச்சத்தைக் குழாய்கள் நெடுகப் பாய்ச்சி, ஒடுக்கியோடு குழாய் சேரும் ஒரு மூட்டிலே நிறுத்தினான். அவ்விடத்தில் மட்டும் புழுதி எண்ணெய்ப் பசையோடு கறுத்துத் திரண்டிருந்தது. வாயு கசியும் இடத்திலே எண்ணெயும் கசியும். எண்ணெய் புழுதியைப் பிடித்துவைக்கும். சவர்க்கார நுரையைத் தூரிகையால் தடவினான். கடுகளவு குமிழி ஒன்று எழுந்தது, உடைந்தது, மறுபடி எழுந்தது. ஒரு லட்சத்து அறுபதினாயிரம் ரூபாவின் முழு இரகசியமும் அக்குமிழிக்குள் இருந்தது. உள்ளேயுள்ள இறப்பர் வளையம் வயதாகி வைரித்துவிட்டது என்றான். சில நூறு ரூபாப் பொருள்.

"தம்பி, இந்த இயந்திரம் எப்படிக் குளிரைத் தருகிறதென்று நீர் எமது மகனுக்கு விளங்கச் சொல்லும் பார்ப்போம்" என்றோம். சோதிக்கும் பழக்கம் எம்மை விட்டபாடில்லை.

அவன் மகனைப் பார்த்துச் சொன்னான்: "குளிர் எண்டு ஒண்டை உள்ளுக்கு விடுறேல்லையடா தம்பி. உள்ளை இருக்கிற சூட்டை அள்ளி வெளியாலை கொட்டுறது. அவ்வளவுதான்."

கட்டுரை எழுதும் பாடத்திலே இவனுக்கு நாம் நாற்பதுக்கு மேல் புள்ளி இட்டதாக நினைவில்லை. 'குளிரூட்டி' என்று நாம் வழங்கும் சொல்லே பிழையானதென்பதை, கரும்பலகையும் வட்டமும் இல்லாமல், இரண்டு வாக்கியத்திலே காட்டிவிட்டான். அள்ளிக் கொட்டிய சூடு எங்கே போகிறது என்பதும் அப்பொழுதுதான் எமக்கு உறைத்தது. நெல்லியடிச் சந்தியிலே எமது காருக்கு அருகாக நிற்கும் சைக்கிள்காரனின் முழங்காலுக்குப் போகிறது.

மூட்டை அங்கேயே கழற்றி வளையத்தை மாற்றிவிடலாமே என்றதற்கு அவன் உடன்படவில்லை. மீதி வாயு காற்றோடு போய்விடும். உள்ளே ஈரக்காற்றுப் புகும். ஈரம் வாயிலின் சிறு துவாரத்திலே பனிக்கட்டியாகி அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். வாயுவை மீட்டெடுக்கும் இயந்திரமும் வெற்றிடப் பம்பியும் உள்ள இடத்திலேதான் செய்யவேண்டும் என்றான். "எங்கடை கராச்சிலை அது இல்லை, சேர். நாங்கள் சும்மா வெளியாலை திறந்து விடுறனாங்கள்." சொல்லும்போது தன் வலக்கையை மறைக்க முயன்றான். பார்த்தோம். சுட்டு விரலிலும் நடு விரலிலும் தோல் வெளிறித் தழும்பேறியிருந்தது. இந்த வாயுவின் திரவம் வெளிக்காற்றிலே பூச்சியத்துக்குக் கீழ் 26 பாகையில் கொதிப்பது. கையிலே பட்டால் தீயைப்போல் எரிக்கும். கையுறை உண்டோ என்று கேட்டோம். சிரித்தான். கண்ணாடி உண்டோ என்று நாம் கேட்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு வரலாறு. தோமஸ் மிட்ஜிலி என்ற அமெரிக்கர், குளிர்சாதனங்களுக்கெனத் தாமும் தம் குழுவினரும் ஆக்கிய வாயுவை 1930இல் அறிஞர் கூட்டமொன்றிலே தாமே மூச்சிலிழுத்து, மெழுகுதிரியொன்றின்மீது ஊதி அணைத்துக் காட்டினார். நச்சுமில்லை, தீப்பற்றுவதுமில்லை என்பதற்கு அது சான்று. பெற்றோலுக்கு ஈயம் கலந்து தந்தவரும் அவரே. அவ்வினத்து வாயுக்கள் வானத்தின் ஓசோன் படையைத் தின்னும் என்று மொலினாவும் றோலன்ட்டும் 1974இல் எழுதினர். அந்தாட்டிக்கின் மேலே ஓசோன் தேய்ந்திருப்பதை 1985இல் பிரித்தானிய ஆய்வாளர் வெளியிட்டனர். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. 1989இல் இலங்கையும் அதில் இணைந்தது. பழைய வாயுவுக்குப் பதிலாகக் கார்களுக்கு வந்ததே எமது காரில் இருக்கும் ஆர்-134ஏ. அது ஓசோனைத் தின்பதில்லை. ஆனால், நூறாண்டுக் கணக்கிலே, கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதையும் குறைப்பதற்கு 2016இல் கிகாலியிலே ஒப்புக்கொண்டனர். எமது சின்னஞ்சிறு காருக்கு வேண்டியது 450 கிராம். அதைத் திறந்துவிடுவது 600 கிலோகிராமுக்கு மேற்பட்ட கரியமில வாயுவை விடுவதற்குச் சமம். உலக நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட பத்திரங்கள் எங்கேயோ இருக்கின்றன. அந்த வாயுவின் வாயிலைத் திறக்கும் விரலோ இந்தப் பதினெட்டு வயதுப் பையனுடையது. அவனுக்குக் கையுறை வாங்கிக் கொடுக்க ஒருவருமில்லை.

எமக்குக் கோபம் வந்தது. நாளைக்கே போய் முதலாளியைக் கேட்பதாகச் சொன்னோம். அவன் முகம் மாறிவிட்டது.

"சேர், நான் வந்தது தெரிஞ்சால் வேலை போயிடும். அப்பாக்கும் இப்ப ஏலாது. தங்கச்சி படிக்கிறாள்."

நாம் வகுப்பிலே திருக்குறளின் வாய்மை அதிகாரம் நடத்துபவர். உண்மையைச் சொல்லவேண்டியதுதானே என்று எளிதாக எழுதிக் கொடுப்பவர். அவனோ, பகலிலே வாய்மூடி நின்றதற்கு ஈடாக, இரவிலே சைக்கிள் மிதித்து வந்து உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறான். அதன் விலை என்னவென்று தெரிந்துகொண்டே சொல்கிறான். கேட்பதில்லையென்று வாக்களித்தோம். அவ்வாக்கு அறமா கோழைத்தனமா என்பதை இவ்வரிகளை எழுதும்போதும் எம்மால் தீர்மானிக்க முடியவில்லை. ஏனெனில், அதே கராச்சுக்கு அடுத்த நாளும் யாரோ ஒருவர் தமது காரைக் கொண்டு சென்றிருப்பார்.

காசு கொடுத்தோம், வாங்கவில்லை. படலை வரை போனவன் திரும்பி வந்து, "சேர், ஒரு உதவி" என்றான். தொழிற்பயிற்சி நிலையமொன்றிலே மோட்டார் குளிர்சாதனப் பாடநெறி இருக்கிறது, தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் தருகிறார்கள், மாலை வகுப்பு. விண்ணப்பிக்கப் பாடசாலை விடுகைப் பத்திரம் வேண்டும். இரண்டு தடவை அலுவலகத்துக்கு வந்தானாம். வகுப்பாசிரியரின் குறிப்பில்லாமல் தரமுடியாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எம்மைத் தேடி ஆசிரியர் ஓய்வறை வாசல் வரை வந்துவிட்டு, ஒயில் உடுப்போடு உள்ளே வரக் கூசித் திரும்பிப் போனதையும் சொன்னான்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பழைய இடாப்பைத் தேடி எடுத்தோம். சிவப்புக் கோடு நேராகத்தான் இருந்தது. விலகியமைக்கான காரணம் எழுதவேண்டிய நிரலிலே எமது கையெழுத்தில் ஒரு சொல் இருந்தது: 'அக்கறையின்மை'. நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அதை வெட்டி, 'குடும்பத் தொழில் முடக்கம்' என்று எழுதி, பக்கத்திலே ஒப்பமும் திகதியும் இட்டோம். அன்று மாலையே பத்திரம் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

காரை யாழ்ப்பாண நகரிலுள்ள வேறொரு கராச்சுக்குக் கொண்டுபோனோம். மீதி வாயுவை மீட்டெடுத்து, வளையத்தை மாற்றி, அரைமணி நேரம் வெற்றிடப் பம்பியை ஓடவிட்டு, ஊசி அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பின்னர், முன்மூடியின் உட்புறத்து ஒட்டுச்சீட்டிலுள்ளபடி தராசிலே நிறுத்து 450 கிராம் ஏற்றினார்கள். வாயுவோடும் கூலியோடும் பதினோராயிரம் ரூபா. 'டக்' என்ற ஒலி கேட்டது. மகன் கைதட்டினான்.

அடுத்த கிளினிக் நாளிலே தந்தையாரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். உள்ளே நல்ல குளிர். அவர் சால்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு சுகமாகச் சாய்ந்திருந்தார். பழைய கராச்சு வீதியோரத்திலேயே இருக்கிறது. அதைத் தாண்டித்தான் போகவேண்டும். கண்ணாடி ஏற்றிய காரை இந்த வெயிலில் கண்டால் முதலாளிக்கு விளங்கிவிடும். யார் பார்த்துச் சொன்னதென்று விசாரிப்பார். கராச்சுக்கு நூறு யார் முன்னதாகவே ஏ.சி.யை நிறுத்தி, நான்கு கண்ணாடிகளையும் இறக்கினோம். வெக்கையும் புழுதியும் ஒருங்கே உள்ளே பாய்ந்தன.

"ஏன் தம்பி இறக்கிறாய்? திரும்பவும் பழுதே?" என்றார் தந்தையார், சால்வைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு.

"இல்லை ஐயா, கொஞ்சத் தூரத்துக்குத்தான்" என்றோம்.

கராச்சு வாசலிலே முதலாளி நின்றார். கையை உயர்த்தி, "என்ன மாஸ்ரர், வேகுதோ?" என்று கேட்டுச் சிரித்தார். நாமும் நெற்றி வியர்வையைத் துடைப்பதுபோற் செய்து சிரித்தோம். உள்ளே, உயர்த்தி வைத்திருந்த லொறியொன்றின் கீழிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. வளைவு தாண்டியதும் கண்ணாடிகளை ஏற்றினோம்.